மூத்தவாப்பாவுக்குத் தண்ணீர் கொடுத்தது யார்

மகன்,

இன்று காலை சுபஹு தொழுதுவிட்டு நான் செய்த முதல் வேலை, கட்டிலில் மல்லாந்து படுத்து, ஒரு கரண்டித் தண்ணீரை வாயில் விட்டுக்கொண்டு விழுங்கிப் பார்த்ததுதான். தலையணை இல்லாமல், நாடியைச் சற்றே மேலே தூக்கிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் வாப்பா, உன் மூத்தவாப்பா, கிடக்கிற மாதிரியே கிடந்து பார்த்தேன். நான் விழுங்க நினைப்பதற்கு முன்பே தண்ணீர் தானாகத் தொண்டைக்குள் இறங்கிவிட்டது. துள்ளி எழும்பி, கண்ணால் நீர் வடிய இருமினேன். முற்றத்தில் நின்ற உன் வாப்பா, "என்னகா, புரக்கேறிட்டா?" என்று கேட்டார். ஓம் என்றேன். நாற்பத்தாறு வயதில், நல்ல சுகத்தோடு இருக்கிற எனக்கு இருமல் வந்தது, தப்பினேன். என் வாப்பாவுக்கு அந்த இருமல் வருவதில்லை. அது தெரிந்திருந்தும் நான் செய்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

போன கிழமை நீ தொலைபேசியில் கேட்டாய். "நவாஸ் மாமா தனியத்தான் வருவாராம், ஜெஸீமா மாமி என்ட கலியாணத்துக்கு வரமாட்டாவாம். என்ன உம்மா பிரச்சின?" என்று. வேளாண்மை வெட்டுக் காலம், வரிப்பத்தான்சேனையில் என் தம்பி வீட்டுக்கு வேலை தலைக்கு மேல் என்று சொன்னேன். பொய். நீயும் நம்பவில்லை என்பது உன் "ம்ம்" என்ற சத்தத்திலேயே தெரிந்தது. டோஹாவில் உன்னோடு அறையில் இருக்கிற பொடியன்கள் தூங்கிய பிறகு இதை ஆறுதலாக வாசி. பிறகு வேறு யார் வாசித்தாலும் எனக்குப் பரவாயில்லை. வயது போன ஒருவரின் கட்டிலடியில் கோப்பையும் கரண்டியுமாக நிற்கிற எல்லோருக்கும் இதில் ஏதாவது இருக்கலாம்.

அடுத்த மாதம் நிக்காஹ் முடிந்ததும் நம் வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குக் குடிபோகப் போகிறாய். மருதமுனை ஒன்றும் தூரமில்லை, பஸ்ஸில் ஏறினால் சீட்டு எடுக்க முன் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். ஆனாலும் அது வேறு வீடு. அந்த வீட்டில் பெண்ணின் வாப்பாவும் உம்மாவும், உன் மாமாவும் மாமியும், உன் கண் முன்னால் வயது போவார்கள். நானும் உன் வாப்பாவும் அப்படி வயது போவதை நீ விருந்தாளி மாதிரித்தான் வந்து பார்ப்பாய். உன் மாமா இப்போதே சீனி வருத்தக்காரர் என்று கேள்வி. என்றைக்கோ ஒரு நாள் யாராவது உன் கையில் ஒரு கோப்பையைத் தந்து, "மாப்பிள்ள, இவருக்குக் கொஞ்சம் பருக்கி உடுங்க" என்பார்கள். அப்போது உனக்கு உதவட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். உபதேசம் செய்கிற தகுதி எனக்கு இல்லை என்பது, கடிதத்தின் பாதிக்கு வரும்போது உனக்கே விளங்கும்.

உன் மூத்தவாப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது மூன்று கிழமைக்கு முன்பு. அது உனக்குத் தெரியும். முதல் இரண்டு நாளும் கை கால்தான் பிரச்சினை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். கதை பேச்சு தெளிவாக இருந்தது, ஆளை அடையாளம் தெரிந்தது, பகிடியும் விட்டார். மூன்றாம் நாள் ஒரு இளம் பெண் வந்து, தான் பேச்சுச் சிகிச்சைக்கு வந்திருப்பதாகச் சொன்னாள். வாட்டில் அவளைப் பேச்சு மிஸ் என்கிறார்கள். வாப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, "எனக்குக் கதைக்கப் படிப்பிக்க வந்திரிக்கா? என்ட கதைய நிப்பாட்டத்தான் இதுவரைக்கும் ஆள் கிடைக்கல்ல, புள்ள" என்றார். அவள் சிரித்தாள். பிறகு அவருடைய குரல்வளையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தாள். "ஆ" என்று சொல்லச் சொன்னாள். சொன்னார். எனக்கு அது சாதாரண "ஆ" மாதிரித்தான் கேட்டது. அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மறுபடியும் சொல்ல வைத்தாள். உற்றுக் கேட்டால், சத்தத்துக்குள் தண்ணீர் கொப்புளித்தது.

"இவருக்குத் தண்ணி உணவுக் குழாயால மட்டும் போகல்ல, சுவாசப்பைப் பக்கமும் இறங்குது" என்றாள். "ஆனா இவர் இருமல்லையே மிஸ்" என்று கேட்டேன். "அதுதான் பயம். எல்லாருக்கும் இருமல் வராது. உள்ள போறது தொண்டைக்கே விளங்காது. நீங்க இருமலப் பாத்துக்கொண்டு இருக்காதீங்க. குரலக் கேளுங்க" என்றாள். தண்ணீர், தேநீர், சூப் ஒன்றும் கூடாது, கூழ்ப் பதத்தில் உள்ளது மட்டும், நிமிர்த்தி இருத்தி, நாடியைக் கீழே தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கி முடிந்தது என்று கண்ட பிறகுதான் அடுத்த வாய், சாப்பிட்டு அரை மணித்தியாலம் படுக்கவைக்கக் கூடாது. நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன். படித்தவள், பிரதேச செயலகத்தில் உத்தியோகம் பார்க்கிறவள், உயிரியல் பட்டதாரி. எனக்கு ஒரு தரம் சொன்னால் போதும் என்ற எண்ணம். உண்மையைச் சொன்னால், அந்தக் கொப்பியைப் பிடித்துக்கொண்டு வாட்டில் நடப்பதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

சம்மாந்துறையில் இருந்து எருமைத் தயிர் எடுப்பித்தேன். கட்டியில்லாமல் அடித்தால் அது சரியான பதம் என்று மிஸ் சொன்னாள். சோற்றைக் குழைய வேகவைத்து, அரைத்து, வடித்து, குளிசையைப் பொடியாக்கி அதில் கலந்து கொண்டுபோனேன். ஆம்பிளை வாட்டு என்பதால் இரவுக்கு உன் வாப்பா நிற்பார். சாப்பாட்டு நேரத்துக்கும் பார்க்கிற நேரத்துக்கும் நான் நிற்பேன். மிஸ் இந்த விதிகளை ஒரு கடதாசியில் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, கட்டிலுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தாள். அந்தக் கடதாசியை மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று சொன்னால் உனக்குக் கோபம் வரும். வரவேண்டும் என்றுதான் சொல்கிறேன். வாப்பாவின் தம்பி, உன் சின்ன மூத்தவாப்பா, கண்ணாடியைப் போட்டு வாசித்துவிட்டு, "இதென்ன, எந்தக் கடைட விலப்பட்டியல்?" என்று கேட்டார். குளிசை கொடுக்க வந்த அட்டெண்டன் அதற்குக் கீழே நின்றபடியே ஒரு கிளாஸ் தண்ணீரை நீட்டினான். நான் தடுத்தபோது, "தண்ணி இல்லாமக் குளிசய எப்பிடி விழுங்குற தங்கச்சி?" என்று எனக்குப் பாடம் எடுத்தான். அடுத்த நாள் வேறு அட்டெண்டன். அவனுக்கும் முதலில் இருந்து சொன்னேன். அதற்கடுத்த நாள் காற்றாடிக் காற்றில் கடதாசி விழுந்து கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எடுத்து ஒட்டினேன். ஒரு கடதாசியை நம்பி ஒரு மனிதனின் மூச்சு இருக்கிறது, அது விழுந்தாலும் குனிந்து எடுக்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

நம் ஊரில் நோயாளியைப் பார்க்க வருவது நன்மை. வெறுங்கையோடு வருவதில்லை. இளநீர், ஹோர்லிக்ஸ், பழச்சாறு, யாரோ மக்காவுக்கு உம்றாப் போய்க் கொண்டுவந்த ஸம்ஸம். எல்லாமே தண்ணீர். இதைத்தான் கொடுக்கக் கூடாது என்றால் முகம் மாறும். நம் பிள்ளைகளுக்கு நாங்கள் முதலில் சொல்லிக் கொடுக்கிற நன்மையே தாகத்தோடு இருக்கிறவனுக்குத் தண்ணீர் கொடுப்பதுதான். அதை மறிக்கிறவள் எப்படி நல்லவளாக இருப்பாள்? உன் சின்ன மூத்தவாப்பா என்னை வாட்டு வாசலுக்குக் கூட்டிப் போய், மெதுவாகத்தான் சொன்னார், "மவுத்துக்குக் கிடக்கிற மனிசன்ட வாய நனைக்காட்டி நாளைக்கு நமக்குத்தான் கேள்வி, மகள்" என்று. அவர் மவுத்துக்குக் கிடக்கவில்லை சாச்சா, சுகமாகி வருகிறார் என்றேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். சக்கராத்தில், உயிர் பிரிகிற வேளையில், கிடக்கிற மனிதருக்குச் செய்கிற காரியத்தை, பிழைத்து வருகிற மனிதருக்குச் செய்து, அவரைச் சக்கராத்துக்குக் கொண்டுபோகப் பார்க்கிறார்களே என்று எனக்குள் கொதித்தது. மகன், நீயும் விட்டுவைக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அவரைப் பார்த்துவிட்டு, "உதடு எல்லாம் காஞ்சிரிக்கே உம்மா, கொஞ்சம் தண்ணி குடுத்தா என்ன?" என்றாய். போனைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

பழைய கதை ஒன்று. உனக்கு ஒன்றரை வயது இருக்கும். நீ சாப்பிட மாட்டாய். எனக்கு வேலைக்கு நேரமாகும். உன்னை என் கால் இரண்டுக்கும் நடுவில் மல்லாக்கக் கிடத்தி, மூக்கைப் பிடித்தால் வாய் திறப்பாய், அந்தச் சமயத்தில் சோற்றைத் தள்ளுவேன். அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். ஒரு நாள் நீ நீலம் பூத்துவிட்டாய். வாப்பா வயலில் இருந்து வந்து சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தவர், ஓடி வந்து உன்னைக் கவிழ்த்து முதுகில் தட்டினார். சோற்றுப் பருக்கை வெளியில் வந்தது. அவர் என்னை ஏசவில்லை. "புள்ளைக்கு மூச்சு உட நேரம் குடு மகள். வயலுக்குக்கூட ஒரேயடியாத் தண்ணியத் திறந்து உட்டா வரம்பு உடைஞ்சிடும்" என்றார். அவ்வளவுதான். இதை உனக்கு நான் இதுவரை சொன்னதில்லை. நீ உயிரோடு இருப்பதே போதும் என்று அந்த நாளை மறந்துவிட்டேன். இந்த மூன்று கிழமையாக அது திரும்பத் திரும்ப வருகிறது. அவசரம் என்ற ஒன்றுதான் என் பிழைகள் எல்லாவற்றுக்கும் காரணம்.

இனி ஜெஸீமா மாமியின் விஷயம். என் தம்பி நவாஸ் வரிப்பத்தான்சேனையில் கலியாணம் முடித்துப் போனவன் என்பதால், அவனுடைய மனைவியை நம் குடும்பத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. பெருநாளைக்கு வருவாள், ஒரு மூலையில் இருப்பாள், போவாள். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் என்று ஒரு இளக்காரமும் எங்களுக்கு உண்டு. எங்களுக்கு என்று பன்மையில் ஏன் சொல்கிறேன், எனக்கு உண்டு. வாப்பா ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் நாள், அவள் நவாஸோடு பஸ் மாறி மாறி வந்தாள். கையில் ஒரு சின்னப் போத்தல். அவளுடைய ஊர் லெப்பையிடம் யாஸீன் ஓதி ஊதி வாங்கிய தண்ணீர். நான் பாய்ந்து, கொடுக்கக் கூடாது என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகத்தான் வந்தது. அன்றைக்கு அவள் எனக்கு நாலாவது ஆள். மற்ற மூன்று பேரும் என்னோடு வாதாடியிருந்தார்கள்.

அவள் வாதாடவில்லை. சுவரில் இருந்த கடதாசியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். "ஓம் மதினி. மிஸ் சொன்னா அதுதான் சரி" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப இத மாமாட முகத்துல தடவி உடட்டா? அது பிழையில்லயே?" என்று கேட்டாள். பிழையில்லை என்றேன். கையில் கொஞ்சம் ஊற்றி, வாப்பாவின் நெற்றியிலும் நெஞ்சிலும் விழுந்து கிடந்த இடது கையிலும் தடவினாள். உதட்டுப் பக்கம் கையைக் கொண்டுபோகவே இல்லை. வாப்பா கண்ணை மூடிக்கொண்டு, "குளிருது மகள்" என்றார். போத்தலை லொக்கரின் மேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று இரண்டு பேரும் போனார்கள்.

அவர்கள் போன பிறகு பார்க்கிற நேரம் முடிந்து வாட்டு அமைதியாகிவிட்டது. நான் சாப்பாடு கொடுக்க நின்றேன். வாப்பா தயிர்ச் சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பினார். "மகள், அந்தப் போத்தல எடு" என்றார். "மிஸ் ஏசுவா வாப்பா" என்றேன். "மிஸ் எங்க இரிக்கா? சோறு தின்னப் போயிட்டா. முப்பது வருஷம் ஊருக்குத் தண்ணி பங்கிட்ட வட்டவிதானை நான். ஒருத்தன்ட வயலயும் காயப் போட்டதில்ல. எனக்கு ஒரு முறத் தண்ணி இல்லையா?" என்றார். சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே ஒரு பக்க வாயால் சிரித்தார். நானும் சிரித்தேன். அடுத்த கட்டில்காரருக்கு நின்ற மாவடிப்பள்ளிப் பெண் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பெத்த வாப்பா கேக்காரு, மகள் குடுக்கமாட்டாளாம். இதுக்குத்தான் பொம்புளப் புள்ளயள மிச்சம் படிக்க வெக்கப்படாண்டு சொல்ற" என்றாள், என்னிடம் சொல்லாமல், தன் புருஷனிடம் சொல்கிற மாதிரி.

கொடுத்தேன், மகன். மூன்று கரண்டி. தாகத்துக்குப் பாவம் பார்த்துக் கொடுத்தேன் என்று சொல்லத்தான் ஆசை. அதுவும் உண்டு. ஆனால் அந்தப் பெண்ணின் வாயை அடைப்பதற்காகவும் கொடுத்தேன். கட்டிலின் தலைப் பக்கத்தை உயர்த்தக்கூட இல்லை, மிஸ் திரும்பி வர முன் முடிக்க வேண்டும் என்ற அவசரம். அவர் இருமவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அந்தச் சொல்லுக்குள் தண்ணீர் கொப்புளித்தது. நான் கேட்டேன். நன்றாகக் கேட்டது. எந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்திருந்தார்களோ அதே சத்தம். கேட்டும், கேட்கவில்லை என்று முடிவு செய்தேன். இருமவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டு போத்தலை மூடி வைத்தேன்.

அடுத்த நாள் காலை காய்ச்சல். பகலுக்குள் மூச்சு வாங்கத் தொடங்கிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள், நியூமோனியா என்றார்கள். ஒட்சிசன் போட்டார்கள். தலைமை நர்ஸ் கட்டிலடியில் வந்து நின்று, "யார் இவருக்குத் தண்ணி குடுத்தது? மறைக்காமச் சொல்லுங்க" என்று கேட்டார். நான், உன் வாப்பா, சாச்சா, செய்தி கேட்டு ஓடி வந்த நவாஸும் ஜெஸீமாவும், எல்லோரும் நின்றோம். மாவடிப்பள்ளிப் பெண்ணின் புருஷனுக்குக் காலையிலேயே டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். சாச்சாவின் கண் லொக்கருக்குப் போனது. "அந்தா போத்தல். பாதி குறைஞ்சிரிக்கே" என்றார். எல்லோரும் ஜெஸீமாவைப் பார்த்தார்கள். "நான் குடுக்கல்ல. முகத்துலதான் தடவின. மதினியும் நிண்டா" என்றாள். நவாஸ், "தடவினா இவ்வளவு குறையுமா?" என்றான். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே, "வல்லாஹி, நான் குடுக்கல்ல" என்றாள். "வாப்பாவக் கொல்லப் பாத்தது காணாதா, பொய்ச் சத்தியம் வேற பண்றியா?" என்று அவன் வாட்டு முழுக்கக் கேட்கக் கத்தினான்.

அவள் அல்லாஹ்வின் மேல் சத்தியம் செய்தாள். அது உண்மைச் சத்தியம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அது பொய் என்று அவளுடைய புருஷன் சொல்வதைக் கேட்டுக்கொண்டு, வாப்பாவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். அவ்வளவுதான் செய்தேன். வாப்பா ஒட்சிசன் மூடிக்குள் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். மூச்சுக்குத் தவிக்கிறார் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அவர் என்ன சொல்லப் பார்த்தார் என்று எனக்குத் தெரியும்.

ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்பாய். அன்றிலிருந்து எனக்கு நானே ஒரு காரணம் சொல்லி வருகிறேன். நான்தான் என்று சொன்னால் என்னைக் கட்டில் பக்கம் விடமாட்டார்கள். பதம் தெரிந்தது எனக்கு மட்டும், நான் இல்லாவிட்டால் ஆளுக்கொரு கிளாஸோடு வந்து வாப்பாவைக் கொன்றுவிடுவார்கள், ஆகவே அவருக்காகத்தான் நான் மௌனமாக இருக்கிறேன். கேட்க நல்ல நியாயம். இதில் உள்ள ஓட்டை உனக்கே தெரியும். எல்லோரையும் மறித்த நான்தான் கொடுத்தேன். வாதாடிய மூன்று பேரும்கூடக் கடைசியில் கொடுக்கவில்லை.

இப்போது வாப்பாவின் மூக்கால் குழாய் போட்டிருக்கிறார்கள். அதை இழுத்து எறிகிறார் என்று நல்ல கையைத் துணி உறைக்குள் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். முப்பது வருஷம் மதகுப் பலகையைத் தூக்கி இறக்கிய கை. குழாயால் பால் போகும்போது அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். யாராவது வந்தால், "சாப்பிட்டீங்களா?" என்று அவர்களிடம் கேட்பார். எனக்குச் சில நேரம் கத்த வேண்டும் போல இருக்கிறது. கடதாசியைக் குனிந்து எடுக்காதவர்களைப் பார்த்து, வேலை ஆட்கள் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் மறந்துவிடுகிற வாட்டைப் பார்த்து, இவ்வளவு பேர் கிடக்கிற இடத்துக்கு ஒரேயொரு பேச்சு மிஸ்ஸை வைத்திருக்கிறவர்களைப் பார்த்து, இரக்கம் என்று போத்தல் கொண்டுவருகிறவர்களைப் பார்த்து. வாய் வரைக்கும் வரும். பிறகு கத்த வேண்டிய ஆட்களின் வரிசையில் முதல் ஆள் யார் என்று நினைவு வரும், வாயை மூடிக்கொள்வேன்.

ஆகவே உன் மருதமுனை வீட்டுக்கு இதைக் கொண்டுபோ. வயது போனவர் சாப்பிட்ட பிறகு குரல் மாறினால், தேநீர் குடிப்பதைத் தானாகக் குறைத்தால், சாப்பாட்டை நெடுநேரம் வாய்க்குள்ளேயே வைத்திருந்தால், அடிக்கடி காய்ச்சல் வந்தால், வயதுக்கு அப்படித்தான் என்று விடாதே, கொண்டுபோய்க் காட்டு. படுத்துக் கிடக்கிறவரின் வாயில் எதையும் ஊற்றாதே. சாப்பிடும்போது அவரோடு கதை கேட்காதே, கதைக்கிற வாயாலும் விழுங்குகிற வாயாலும் ஒரே நேரத்தில் வேலை வாங்க முடியாது. பல்லையும் நாக்கையும் துடைத்துச் சுத்தமாக வைத்திரு. ஈரத் துணியால் உதட்டை நனைக்கலாம், மிஸ் எனக்கு அதைக் காட்டித் தந்தாள், அந்தச் சின்ன வேலையைச் செய்ய நான் அலுப்புப் பட்டேன். நீ வீடியோவில் கண்ட காய்ந்த உதடு அப்படி வந்ததுதான். இவை எல்லாவற்றையும் விட ஒன்று. அந்த வீட்டில் நீ வெளியூரில் இருந்து வந்த மாப்பிள்ளையாக இருப்பாய். ஏதாவது பிழை நடந்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் வெளியில் இருந்து வந்தவர் மேல்தான் போகும். அப்படி ஒரு நாள் உன்னைப் பார்த்தால், பேசாமல் போர்வையைச் சரிசெய்துகொண்டு ஒருத்தி பக்கத்தில் நிற்கிறாளா என்று பார்.

ஜெஸீமா அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. நவாஸ் தனியாக வருவான், பத்து நிமிஷம் நிற்பான், போவான். வீட்டில் இரண்டு பேருக்கும் கதையில்லை என்று உன் வாப்பா சொன்னார். "அவளக் கலியாணத்துக்குக் கூட்டி வந்து எல்லாருக்கும் முன்னால வெக்கப்படச் சொல்றீங்களா?" என்று நவாஸே கேட்டானாம். வாப்பா ஒவ்வொரு நாளும் என்னிடம் கேட்பது ஒன்றுதான். "ஜெஸீமா வரல்லையா?" வேறு ஒன்றும் கேட்பதில்லை. அந்தப் போத்தலைப் பற்றி ஒரு சொல் இல்லை.

நேற்றுப் பேச்சு மிஸ் வந்து நெஞ்சு தெளிந்து வருகிறது என்றாள். வெள்ளிக்கிழமை குழாயைக் கழற்றிவிட்டு, தயிர்ப் பதத்தில் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பாளாம். சரிவந்தால் வாயால் சாப்பிடத் தொடங்கலாம், வராவிட்டால் மறுபடி குழாய்தான், இன்னொரு நியூமோனியாவை இந்த நெஞ்சு தாங்காது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். "கண்டவங்க எல்லாம் குடுக்கப்படாது. வீட்டுல ஒரே ஒரு ஆளச் சொல்லுங்க, அவருக்கு நான் பழக்கி விடுறன். சொன்னதக் கேக்கிற ஆளா இருக்கணும்" என்றாள். நான்தான் என்று அவள் நினைத்துக்கொண்டு சொல்கிறாள் என்று தெரிந்தது. என் பக்கத்தில் நின்ற உன் வாப்பாவும் தலையை ஆட்டினார்.

நேற்றிலிருந்து அந்த ஒரு வசனம்தான் மண்டைக்குள் ஓடுகிறது. சொன்னதைக் கேட்கிற ஆள். அந்தக் கட்டிலடிக்கு வந்த இத்தனை பேரில் கடதாசியை முழுக்க வாசித்தவள் ஒருத்தி. சரி என்று சொல்லி அப்படியே நின்றவள் ஒருத்தி. நான் பாத்திரம் கழுவப் போன நேரம் வாப்பா அவளிடமும் தண்ணீர் கேட்டிருக்கிறார், அட்டெண்டன் சொல்லிப் பிந்தித்தான் எனக்குத் தெரிந்தது, "மிஸ்ட கேட்டுட்டுத் தாறன் மாமா" என்று சொல்லியிருக்கிறாள். நான் உயிரியல் படித்தேன், கொப்பியில் எழுதினேன், மூன்று கரண்டி கொடுத்தேன்.

மகன், வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்துக்கு லீவு. வரிப்பத்தான்சேனைக்கு முதல் பஸ்ஸில் போவேன். ஜெஸீமாவிடம், அவளுடைய உம்மா வாப்பாவுக்கு முன்னால் சொல்வேன். அவள் கதவைச் சாத்தினால் அது அவளுடைய நியாயம், நான் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவேன். கூட வந்தால் கூட்டிக்கொண்டு, வராவிட்டால் தனியாக, பகல் பார்க்கிற நேரத்துக்கு வாட்டுக்கு வந்து, அவள் சத்தியம் செய்த அதே இடத்தில் நின்று, தலைமை நர்ஸுக்கும் சாச்சாவுக்கும் நவாஸுக்கும் கேட்கும்படி, தண்ணீர் கொடுத்தது நான் என்று சொல்வேன். அதற்குப் பிறகு வாப்பாவுக்கு என் கையால் சாப்பாடு கொடுக்க விடமாட்டார்கள். விடக்கூடாது. பேச்சு மிஸ் பழக்க வேண்டிய ஆளின் பெயரைக் கேட்கும்போது, ஜெஸீமா என்று சொல்வேன். உன் வாப்பாவுக்கு இன்னும் தெரியாது.

உம்மா